இரண்டாமவர் விடைபெற்றபோது



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றி நாலு பக்கம். "நீதான் மூணு வருஷமும் டீம்ல இருந்தவன், உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு குரூப் போட்டோவை எடுத்தேன். நடுவில் முதல்வர். அவருக்கு வலப்பக்கம் பி.டி. சார், இடப்பக்கம் கேப்டன், பின்வரிசையில் நாங்கள். கீழே எல்லோர் பெயரும் இனிஷியலோடு அச்சாகியிருக்கிறது. பின்வரிசைக்கும் அப்பால், ஓரமாக, தோளில் பந்து வலையை மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தபடி ஒருவர் நிற்கிறார். அவர் பெயர் மட்டும் இல்லை.

நம் காலத்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மார்க்கர் அண்ணன்!

சரி, இந்த மலரிலாவது பெயரைச் சேர்த்துவிடலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவைப் போட்டு, "அண்ணன் பேர் என்னப்பா?" என்று கேட்டேன். மளமளவென்று பதில்கள் வந்தன. "ஆஹா, மார்க்கர் அண்ணன்!" "எத்தனை தடவை நம்மளை வெரட்டியிருக்கார்!" "அவர் இல்லாட்டி நான் ஃபைனல் ஆடியிருக்கவே முடியாது." எல்லாம் சரி, பெயர்? இரண்டு பேர் இரண்டு வேறு பெயரைச் சொன்னார்கள். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடம் தினமும் காலையும் மாலையும் பார்த்த மனிதரின் பெயர் எங்கள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் நண்பர்களே, கோப்பைகளின் பட்டியலை எழுதுவதற்குப் பதிலாக வேறொரு வரலாற்றை எழுத உத்தேசித்தேன். தலைமைக் கோச்சுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக நிற்கும் மனிதர் ஓய்வு பெற்றுப் போனால் என்ன ஆகிறது? அதுதான் விஷயம்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே படித்து வெளியே வந்தவர்கள்தான் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் உடற்கல்வியை ஓர் ஒழுங்கான துறையாக வளர்த்தார்கள். 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் வந்த பிறகு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாகப் பயிற்சி பெற்ற 'கோச்' என்கிற ஆளே நாட்டில் உருவானார். ஆனால் சாதாரணக் கல்லூரியில் நிலைமை வேறு. ஒரே ஒரு பி.டி. சார். அவரே ஹாக்கிக்கும் வாலிபாலுக்கும் கபடிக்கும் தடகளத்துக்கும் கால்பந்துக்கும். அவருக்கு உதவியாக, அலுவலகப் பட்டியலில் வாட்ச்மேன், தோட்டக்காரர், லேப் உதவியாளர் என்ற வரிசையோடு சேர்ந்து 'மார்க்கர்' என்று ஒரு பதவி. வேலை, மைதானத்தில் கோடு போடுவது. காகிதத்தில் அவ்வளவுதான்.

அந்தக் கோடு போடுவதே லேசுப்பட்ட காரியம் இல்லை. விடியற்காலையில் சுண்ணாம்பு வாளி, சணல் கயிறு, நாலு முளைக்குச்சி. கயிற்றில் மூன்று கஜம், நான்கு கஜம், ஐந்து கஜம் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலை சரியாகச் செங்கோணத்துக்கு வரும். கணக்கு வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் என்று எனக்குத் தலையைச் சுற்றியது, மார்க்கர் அண்ணன் கயிற்றில் ஒரே நிமிஷத்தில் புரிந்தது. கோல் போஸ்ட் எட்டு கஜம் அகலம், எட்டடி உயரம். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு கஜம். நடுவட்டத்துக்குப் பத்து கஜக் கயிறு. எதையும் அவர் பார்த்து எழுதியதில்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது.

கோடு போட்டு முடித்ததும் காகிதத்தில் இல்லாத வேலை ஆரம்பிக்கும். பந்துக்குக் காற்று அடிப்பது, பஞ்சரான பிளாடரை ஒட்டுவது, கணுக்கால் சுளுக்குக்குத் துணியை ஈரமாக்கிச் சுற்றுவது. பி.டி. சார் ஹாக்கிப் பக்கம் போய்விட்டால் எங்களை ஓட விடுவதும் அவர்தான். "டே தம்பி, பந்து வந்தப்புறம் யோசிக்காதே, வர்றதுக்கு முன்னாடி யோசி!" என்று பக்கவாட்டுக் கோட்டிலிருந்து வரும் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. துணைப் பயிற்சியாளர் என்ற பட்டம் இல்லாத துணைப் பயிற்சியாளர்.

அவர் ஓய்வு பெற்றது நாங்கள் படிப்பை முடித்து வெகுநாள் கழித்து. விடை கொடுக்கும் விழாவுக்கு எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம், ஆபீஸில் வேலை. போகவில்லை. மதுரையிலேயேதான் இருந்தேன். சைக்கிளில் போனால் கால்மணி நேரம்! சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பதை அப்போது டீமில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜூனியர் தம்பி எனக்குச் சொன்னான். முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லையாம். கோடு வளைந்தது, அவ்வளவுதான். பிறகு மெதுவாக ஒரு விஷயம் நடந்தது. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து வரும் பையன்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காரணம் என்ன? அவரவர் ஊர்ப் பஸ். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி வசதியான பஸ், எவன் காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் புறப்பட்டு வருகிறான், எவனுக்கு டீக்கடையில் தன் கணக்கில் ஒரு டீயும் பன்னும் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மார்க்கர் அண்ணனுக்கு அத்துப்படி. மாலையில் பி.டி. சார் காதருகே போய், "சார், மேலூர்ப் பயலுக கிளம்பணும்" என்பார். சாரும் அவர்களை விட்டுவிடுவார். இது எந்த ரூல் புத்தகத்திலும் இல்லை. புதிதாக வந்தவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் மீது தப்பே கிடையாது, அவருக்கு எப்படித் தெரியும்? ஆறரை மணி வரை பிராக்டிஸ் நடந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட பையன்கள் வீட்டில் ஏச்சு வாங்கினார்கள், பிறகு வரவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் டீம் என்றால் ஹாஸ்டல் பையன்களும் டவுன் பையன்களும் மட்டும் என்றாகிவிட்டது. வெயிலில் தேய்ந்த கால்களோடு வரும் நம் சுற்றுவட்டாரத்து ஓட்டக்காரர்கள் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொரு ஊரின் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஊர் இங்கிலாந்தில் இருக்கும் லிவர்பூல்.

லிவர்பூலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் பழையது. நம் தென்பாண்டிக் கரிசல் காட்டில் விளைந்த பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறிப் போனது. லிவர்பூல் பஞ்சுச் சந்தையில் 'டின்னவெல்லி' என்று திருநெல்வேலியின் பெயரிலேயே ஒரு ரகத்துக்கு விலை சொன்னார்கள். 1892-ல் ஹார்வி மில் மதுரைக்கு வந்ததும் இந்தப் பஞ்சைத் தேடித்தான். அந்தத் துறைமுக நகரத்துக் கால்பந்துக் கிளப்பின் கதையில்தான் இரண்டாமவர் என்றால் யார் என்பது உலகத்துக்கே நன்றாகத் தெரிந்தது.

1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் லிவர்பூல் கிளப்பின் மேலாளராக வந்தார். அப்போது அது இரண்டாம் டிவிஷனில் கிடந்த கிளப். புது மேலாளர் வந்தால் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவருவதுதான் வழக்கம். ஷாங்க்லி அப்படிச் செய்யவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகிய மூன்று பயிற்சியாளர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஆன்ஃபீல்ட் மைதானத்தின் பிரதான ஸ்டாண்டுக்கு அடியில், வீரர்களின் பூட்ஸுகளை மாட்டிவைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து இவர்கள் பேசுவார்கள். யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டில் பிரச்சினை, யாருடைய ஆட்டம் ஏன் குறைகிறது என்று பேச்சு. அன்றன்றைய பயிற்சியையும், தட்பவெப்பத்தையும், காயங்களையும் நோட்டில் எழுதிவைப்பார்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே மாதிரிக் காயம் வந்தால் நோட்டைப் புரட்டிக் காரணம் தேடுவார்கள். பூட்ரூம் என்று பெயர் பெற்றது அந்த அறைதான். நம் ஊரில் பந்து வைக்கும் குடோன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீரர்கள் ஆன்ஃபீல்டில் உடை மாற்றிக்கொண்டு, மெல்வுட் என்ற பயிற்சி மைதானத்துக்குப் பஸ்ஸில் போவார்கள். பயிற்சி முடிந்ததும் குளிக்காமல், வேர்வையோடே பஸ்ஸில் திரும்பி வந்து, கொஞ்சம் ஆறிய பிறகுதான் குளியலும் சாப்பாடும். பார்ப்பவர்களுக்கு வீண் அலைச்சலாகத் தெரியும். உடம்பு பைய ஆறினால் தசை பிடிக்காது, காயம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. 1965–66 பருவத்தில் மொத்தமே 14 வீரர்களை மட்டும் இறக்கி லீக் பட்டத்தை வென்றார்கள் என்றால், அந்தப் பதினாலு பேரும் எந்த அளவுக்குக் காயமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். இன்றைக்கு அந்த எண்ணிக்கையைக் கேட்டால் எந்தக் கோச்சும் சிரிப்பார்.

அந்தப் பூட்ரூமுக்கு 1966-ல் வந்து சேர்ந்தவர்தான் நம் கதாநாயகர், ரோனி மோரன். 1934-ல் லிவர்பூலுக்குப் பக்கத்துக் கிராஸ்பியில் பிறந்தவர். 1949-ல் பதினைந்து வயதுப் பையனாகக் கிளப்புக்குள் நுழைந்தார். அந்தப் பகுதித் தபால்காரர் ஒருவர், "நல்லா ஆடுற பையன் ஒருத்தன் இருக்கான்" என்று கிளப் தலைவரிடம் சொன்னதால் வந்த வாய்ப்பு அது என்பார்கள். லெஃப்ட் பேக். 379 ஆட்டங்கள். 1964-ல் லீக் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். ஆட்டக் காலம் முடிகிற சமயத்தில் ஷாங்க்லி கூப்பிட்டு, பயிற்சியாளர்கள் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு 32 வருடம். மேலாளர்கள் மாறினார்கள். ஷாங்க்லி, பெய்ஸ்லி, ஃபேகன், டால்க்லிஷ், சூனஸ், எவன்ஸ் என்று ஆறு பேர். மோரன் மட்டும் அதே இடத்தில். பக்கவாட்டுக் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவது அவர் வேலை. மேலாளர் தட்டிக்கொடுப்பார், மோரன் அதட்டுவார். வீட்டில் அப்பா அம்மா மாதிரி ஒரு ஏற்பாடு! அங்கே ஆடிய பலரும் ஒரு கதையைச் சொல்வார்கள். லீக் பட்டம் வென்ற அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மோரன் ஓர் அட்டைப் பெட்டியோடு அறைக்குள் வருவாராம். உள்ளே தங்கப் பதக்கங்கள். மாலை மரியாதை, பேச்சு எதுவும் கிடையாது. தனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறவன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், இந்த வருடம் இன்னும் எதையும் ஜெயிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். 1973-லிருந்து 1990 வரை அந்தக் கிளப் வென்ற லீக் பட்டங்கள் 11. ஐரோப்பியக் கோப்பைகள் 1977, 1978, 1981, 1984 என நான்கு. இத்தனைக்கும் அந்த அறையில் இருந்தவர் அவர்.

தலைமை ஓய்வு பெற்றபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1974 ஜூலையில் ஷாங்க்லி திடுதிப்பென்று ஓய்வை அறிவித்தார். ஊரே ஆடிப்போனது. இனி கிளப் அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். வாரிசாக வந்தவர் பெய்ஸ்லி, அதாவது 1939 முதல் அங்கேயே இருந்த இரண்டாமவர். கூச்ச சுபாவம், மேடையில் பேச வராது. அவர் ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1983-ல் அவர் ஓய்வு பெற, ஜோ ஃபேகன் வந்தார். முதல் பருவத்திலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும். முதலாமவர் போனபோதெல்லாம் கிளப் குலுங்கவில்லை. காரணம், விவரம் தெரிந்த இரண்டாமவர்களும் அவர்களுடைய நோட்டுகளும் அறைக்குள்ளேயே இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற ஷாங்க்லிக்குத்தான் கஷ்டம். காலையில் பழக்கதோஷத்தில் மெல்வுட் மைதானத்துக்கு வந்துவிடுவாராம். வீரர்கள் அவரை 'பாஸ்' என்று கூப்பிட, புது மேலாளருக்குச் சங்கடம். கடைசியில் அவர் வருவதே நின்றுபோனது. ஓய்வு என்பது போகிறவரையும் அறுக்கும், இருக்கிறவரையும் அறுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மோரன் கதைக்குத் திரும்புவோம். 1991 பிப்ரவரியில் டால்க்லிஷ் விலகியபோது கொஞ்ச நாள் பொறுப்பைச் சுமந்தவர் அவர். 1992-ல் சூனஸுக்கு இதய அறுவை நடந்தபோதும் அவரே. அந்த வருடம் மே 9-ம் தேதி வெம்ப்லி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அணியைத் தலைமையேற்று நடத்திக் கூட்டிவந்தவர் இந்த இரண்டாமவர்தான். சண்டர்லாந்தை 2–0 என்று வென்றார்கள். மறுபடி மேலாளர் திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் தன் பழைய இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் அந்த வருடங்களில்தான் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. மெல்வுட்டிலேயே உடை மாற்றி, அங்கேயே குளித்துச் சாப்பிடும் ஏற்பாடு வந்தது. பஸ் நின்றது. 1993-ல், பத்திரிகைக்காரர்களுக்கு அறை வேண்டும் என்று பூட்ரூமையே இடித்துவிட்டார்கள். 1998-ல் மோரன் ஓய்வு பெற்றார். ஒரே கிளப்பில் 49 வருடம். அதே ஆண்டு நவம்பரில், பூட்ரூமில் வளர்ந்த கடைசி மேலாளரான ராய் எவன்ஸும் விலகினார்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1990-க்குப் பிறகு லிவர்பூலுக்கு அடுத்த லீக் பட்டம் கிடைத்தது 2020-ல். முப்பது வருட வறட்சி. மோரன் போனதால்தான் இந்த வறட்சி என்று நான் எழுதினால் கணக்கு உதைக்கும். வறட்சி தொடங்கி எட்டு வருடம் அவர் அங்கேயே இருந்தார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுக்காரர் ஜெரார் ஹூலியே 2001-ல் ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். பணம், வெளிநாட்டு வீரர்கள், புதுவிதப் பயிற்சி என்று கால்பந்தே மாறிப்போன காலம் அது. ஒரு தனிமனிதர் தாங்கியும் நிறுத்த முடியாது, போயும் கவிழ்க்க முடியாது.

பிறகு அவர் போனதன் பாதிப்புதான் என்ன? என் எளிய புத்திக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பழக்கம் எதற்காக ஏற்பட்டது என்று தெரிந்தவர் இருக்கும்வரை, அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று யோசித்து முடிவெடுக்கலாம். அவர் போய்விட்டால் அது வெறும் பழைய வழக்கம் ஆகிவிடும். வீண் அலைச்சல் என்று பஸ்ஸை நிறுத்துவது மிகச் சுலபம். அந்தப் பஸ்ஸில் உடம்பு ஆறியது என்று சொல்ல ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலைக் கேட்கிற காதும் வேண்டும். மோரன் அங்கே இருந்தும் காது மூடிய வருடங்கள் உண்டு. அவர் போன பிறகு குரலும் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் இந்திய அணியைப் பயிற்றுவித்தபோது 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்றபோதே அவருக்குப் புற்றுநோய். அடுத்த வருடம் மறைந்தார். அவரிடம் ஆடிக் கற்றவர்களின் காலம் ஓரளவு ஓடியது. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் ஆண்கள் அணிக்கு இன்றுவரை ஒரு பதக்கமும் இல்லை. முதலாமவர் ஒருவரையே நம்பியிருந்தோம். அவர் தலைக்குள் இருந்ததை எழுதிவைக்கவும், தினம் உட்கார்ந்து பேசி வழிவழியாகக் கொடுக்கவும் ஒரு பூட்ரூம் நமக்கு அமையவில்லை என்பதே என் வருத்தம்.

நம் மாநிலத்திலும் இரண்டாமவர்கள் உண்டு. 2015-லும் 2018-லும் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது சென்னையின் அணி. அதன் வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். தமிழ்நாட்டுக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடிய சபீர் பாஷா பல பருவங்கள் அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2022-ல் தலைமைப் பயிற்சியாளர் நடுவழியில் விலக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவரும் அவரே. கூப்பிட்டால் வருவது, திரும்பப் போகச் சொன்னால் போவது. இரண்டாமவர்களின் ஜாதகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இத்தனை தூரம் சுற்றியது நம் மைதானத்துக்குத் திரும்பி வருவதற்காகத்தான். லிவர்பூலில் மோரனுக்கு ஒரு மரியாதை நடந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, 2000-ல், ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியை அழைத்து அவருக்காகவே ஒரு ஆட்டம் வைத்தார்கள். 2017 மார்ச்சில் தன் 83-வது வயதில் அவர் மறைந்தபோது, அவர் அதட்டி வளர்த்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி அழுதார்கள். பெயர் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு உறைக்கிறது.

நாம் சால்வை போட்டோம், கடிகாரம் கொடுத்தோம். நானோ அதற்கும் போகவில்லை. அவரிடம், "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்" என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை பெய்தால் மைதானத்தின் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பையன் எந்தப் பஸ், சுளுக்குக்கு எத்தனை நாள் ஓய்வு என்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்திருந்தால், புதிதாக வந்தவருக்கு உதவியிருக்கும். மேலூர்ப் பையன்கள் ஒரு பத்துப் பேராவது இன்னும் சில வருடம் ஆடியிருப்பார்கள். அவர்களில் ஒருவன் நல்ல ஆட்டக்காரனாக வந்திருப்பானா என்பது யாருக்குத் தெரியும்? வந்திருக்காவிட்டாலும் ஆடியிருப்பான், அல்லவா?

அதனால் இந்தச் சந்திப்புக்கு வரும் நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, ஓய்வு பெற்ற ஊழியர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போடுவது இருக்கட்டும். அன்று பிற்பகல் மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைப்போம். லேப் உதவியாளர், நூலக உதவியாளர், மெஸ்ஸில் சமைத்தவர், யார் வந்தாலும் சரி. இன்று மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவரையும் கூட்டிக்கொள்வோம். கையில் ஒரு நோட்டு. அவர்கள் பேசட்டும், நாம் எழுதுவோம். செலவு ஒரு நோட்டும், எல்லோருக்கும் ஒரு டம்ளர் பருத்திப்பாலும்தான்.

இரண்டாவது, இந்தக் கட்டுரையோடு அந்தப் பழைய போட்டோவை வெளியிடும்படி மலர்க் குழுவினரிடம் கொடுத்திருக்கிறேன். கீழே பெயர் வரிசையில் கடைசியாக ஓர் இடத்தைக் காலியாக விட்டு, கோடு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சொன்ன இரண்டு பெயரில் ஒன்றை ஊகித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தின் பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்குள் உங்களில் யாருக்காவது நிச்சயமாகத் தெரிந்தால், அவர் வீட்டார் யாரையாவது அறிந்திருந்தால், சந்திப்பன்று என்னைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். முதல் ஆளாக வந்து கோல் போஸ்ட் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். பேனாவும் கொண்டுவருவேன்.

எல்லோரும் அவரவர் பிரதியில் அந்தக் கோட்டின் மேல் பெயரை எழுதிக்கொள்ளலாம். இனிஷியலோடு.